நானூற்று நாற்பத்தெட்டு நாள்

2011 ஜூன் மாதம், மழை பிடித்துக்கொண்ட முதல் வாரத்தில், லிஜி ஆஸ்பத்திரியின் நெட்வொர்க்கைக் கண்காணிக்க ஒரு மென்பொருளைப் போட்டாள். ஆசைப்பட்டு அல்ல, அலுத்துப்போய். ஆறு வருஷமாக அந்த இருநூறு கட்டில் மிஷன் ஆஸ்பத்திரிக்கு அவள் ஒருத்திதான் கம்ப்யூட்டர் ஆள். எங்கே எது நின்றாலும் அவள் மேஜைப் போன் அடிக்கும். “மேடம், பில் வரல்ல.” “மேடம், எக்ஸ்ரே ரூம்ல ஒண்ணும் தெறக்கல்ல.” போனை வைத்துவிட்டு நடப்பாள். பழைய கட்டடத்துக்கும் புதிய கட்டடத்துக்கும் நடுவே முப்பத்தாறு படி. மத்தியானச் சோற்றை மூன்றரை மணிக்குத் தின்ற நாட்களே அதிகம். கணவன் தேவகுமார் மஸ்கட்டில். வீட்டுக்குப் போனால் இரண்டு பிள்ளைகளின் பாடப் புத்தகங்கள் விரிந்து கிடக்கும்.

“போன் வரதுக்கு முன்னால எனக்குத் தெரிஞ்சாப் போதும் சார்,” என்று மேனேஜர் செல்வதாஸிடம் கேட்டாள்.

“செலவு உண்டுமா?”

“இல்ல சார். இலவசம்.”

“பின்னே போட்டுக்கோங்க.”

ஸ்டோரில் ஒதுக்கிப் போட்டிருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி எடுத்தாள். நிறுவி முடிக்க இரண்டு நாள். நெட்வொர்க்கில் மாட்டிய ஒவ்வொரு கருவிக்கும் ஒரு எண் உண்டு; எந்த எண்ணிலிருந்து எந்த எண்வரை தேட வேண்டும் என்று மென்பொருள் கேட்டது. கொடுத்தாள். நாற்பது கருவிகள் இருக்கும் என்று நினைத்திருந்தாள். அறுபத்து மூன்று வந்தன. அவள் மாட்டி மறந்தவை, யாரோ கேட்காமல் மாட்டியவை. ஒவ்வொன்றையும் நடந்துபோய்க் கண்டுபிடித்துப் பெயர் எழுதினாள். உயிரோடிருந்தால் பச்சை, பேச்சில்லை என்றால் சிவப்பு.

முதல் நாள் மட்டும் நூற்றுப் பன்னிரண்டு எச்சரிக்கை மெயில்கள். ஒரு தடவை பதில் வராவிட்டாலே அது கூப்பாடு போட்டது. மூன்று தடவை தொடர்ந்து பதில் வராவிட்டால் சொன்னால் போதும் என்று மாற்றினாள். லைனைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்விட்ச் பெட்டிகளில் தலைப் பெட்டி விழுந்தால் அதற்குப் பின்னால் இருப்பவை தனித்தனியாகச் சொல்ல வேண்டாம் என்று வைத்தாள். அதற்கே ஒரு வாரம் போயிற்று. கண் எரிந்தது. மெயில்கள் எட்டாகக் குறைந்தன.

பிறகு ஒவ்வொரு பெட்டியிடமும் அதன் விவரங்களைக் கேட்கச் செய்தாள். எத்தனை நாளாக அணையாமல் ஓடுகிறாய் என்பதும் அதில் ஒரு கேள்வி. பதில்கள் வரிசையாக வந்தன. ஓ.பி. பெட்டி பன்னிரண்டு நாள். பார்மசி ஐந்து நாள். லேபுக்குப் போகும் பெட்டி நானூற்று நாற்பத்தெட்டு நாள்.

லிஜி விரலால் திரையைத் தொட்டுக் கணக்குப் பார்த்தாள். போன வருஷம் மார்ச் மாதம் அந்தப் பெட்டியைச் சுவரில் மாட்டியது அவள்தான். அன்றிலிருந்து அது ஒருமுறைகூட அணையவில்லை.

அப்படி இருக்க வழியில்லை. போன வருஷம் ஏப்ரலில் தினமும் காலை எட்டு மணிக்குத் தொடங்கி லேப் லைன் விட்டு விட்டுப் போனது. ரத்தப் பரிசோதனை முடிவு வார்டுக்குப் போகாது. டாக்டர்கள் சத்தம் போட்டார்கள். அதே எட்டு மணிக்குத்தான் மூத்த எலக்ட்ரீஷியன் ரசலையன் ஜெனரேட்டரைப் பத்து நிமிஷம் ஓட்டிப் பார்ப்பார். லைன் மாற்றும்போது பெட்டிக்குக் கரண்ட் அறுந்து, அதனால் அது காலை முழுவதும் தடுமாறுகிறது என்று லிஜி முடிவுகட்டினாள். “யூ.பி.எஸ். வழியாத்தான் போவுது மோளே, பெட்டி அணையாது,” என்று ரசலையன் இரண்டு தடவை சொன்னார். அவளுக்கு அன்று பிள்ளைக்குக் காய்ச்சல், மேனேஜருக்கு உடனே பதில் வேண்டும். “மின்பணியாளரின் கவனக்குறைவு” என்று எழுதிக் கொடுத்தாள். காலை ஜெபத்துக்கு எல்லோரும் கூடியிருந்தபோது செல்வதாஸ் அதை வாசித்தார். ரசலையனை ரோட்டுக்கு அப்புறம் நர்சிங் ஹாஸ்டல் பம்பு அறைக்கு மாற்றினார்கள். அதற்குப் பிறகு அவர் லிஜியை மோளே என்று கூப்பிட்டதில்லை.

அவர் போனபின் லேபிலிருந்து புகார் குறைந்தது. பிறகு நின்றே போனது. சரியாகிவிட்டது என்று அவள் நினைத்திருந்தாள்.

மறுநாள் காலை லேப் சர்வரைத் திரையில் பார்த்தாள். அது பிரிண்டர் என்று மென்பொருள் காட்டியது. மாலையில் அதே எண்ணைப் பார்த்தால் லேப் சர்வர். மூன்றாம் நாள் எட்டு மணிக்கு மறுபடி பிரிண்டர். அப்போதுதான் புரிந்தது. ஓ.பி. சீட்டு அடிக்கும் பிரிண்டருக்கும் லேப் சர்வருக்கும் ஒரே எண். இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் போட்டால் தபால்காரர் என்ன செய்வார்? காலை எட்டு முதல் ஒரு மணிவரை, ஓ.பி. நடக்கும்போது மட்டும் பிரிண்டர் ஓடும். அந்நேரம் லேபுக்கு வரவேண்டியதில் பாதி பிரிண்டரில் போய் முட்டி நிற்கும். பிரிண்டருக்கு அந்த எண்ணைக் கொடுத்தது அவள். குறிப்பேட்டில் அவள் கையெழுத்தே இருந்தது.

லேபுக்குப் போய்ப் பொறுப்பாளர் செசிலி சிஸ்டரிடம் கேட்டாள். “காலத்த இப்பவும் லைன் விடுதா சிஸ்டர்?”

“எப்பவும் விடும். ஸ்கிரீன்ல என்னவோ எழுதி வரும், நாங்க அடச்சிருவோம். ஒருமணிவர பேப்பர்ல எழுதி ஆள்கிட்ட குடுத்து விடுதோம்.”

“எனக்க கிட்ட சொல்லல்லியே?”

“சொல்லிச் சொல்லி மடுத்துப் போச்சு மேடம்.”

பிரிண்டரின் எண்ணை மாற்ற ஐந்து நிமிஷம் ஆனது. அதன்பின் லைன் விடவில்லை. லிஜி அறைக்கு வந்து கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருந்தாள். அழுகைகூட வரவில்லை. கழுத்து வலித்தது, அவ்வளவுதான்.

விவரத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு செல்வதாஸிடம் போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். “இப்ப லைன் சரியாச்சில்லா?”

“ஆச்சு சார். ஆனா ரசலையண்ணன்...”

“அந்தாளு நவம்பர்ல ரிட்டயர் ஆகுதாரு. பழசக் கிண்டி உங்களுக்கும் கெட்ட பேரு வேணுமா?”

“தப்பு எனக்கதாக்கும் சார். எழுதித் தாறேன்.”

“தாங்க. ஃபைல்ல வெச்சுருவோம்.”

எழுதிக் கொடுத்தாள். அதன் நகலோடு மத்தியானம் குடை பிடித்துக்கொண்டு ரோட்டைத் தாண்டிப் பம்பு அறைக்குப் போனாள். ரசலையன் மோட்டார் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, ஈரமான வேட்டி நுனியைப் பிழிந்துகொண்டிருந்தார். அவளைக் கண்டதும் எழுந்தார். முட்டு வலியால் எழுவதற்கு நேரமாயிற்று.

“இருங்கண்ணே,” என்றாள். அவர் உட்காரவில்லை. அவள் நின்றபடியே சொன்னாள். பெட்டி அணையவேயில்லை என்பதை, ஒரே எண்ணை, பிரிண்டரை. மோட்டார் சத்தத்தில் சிலதை இரண்டாம் தடவை சொல்ல வேண்டியிருந்தது.

“எத்தன நாளா அணையல்லன்னு அந்தப் பெட்டி எழுதி வெச்சிருக்குமா?” என்று கேட்டார்.

“ஆமா. அதுக்கு உள்ளயே இருக்கும்.”

“இந்தப் புது சமாச்சாரம் இல்லாட்டியும்?”

“இல்லாட்டியும் இருக்கும். கேட்டிருந்தா அன்னைக்கே சொல்லியிருக்கும்.”

“பின்னே யாரும் கேக்கல்ல.”

“நான் கேக்கல்லண்ணே.”

அவர் மோட்டாரை அணைத்தார். திடீரென்று மழைச் சத்தம் மட்டும் இருந்தது. “முப்பத்தொண்ணு வருசம் மேடம். ஒரு பல்பு எனக்க கைப்பிழையால போனதில்ல. அன்னைக்கு ஜெபத்துக்கு நின்னவங்கள்ல பாதிப்பேரு எனக்க கண்ணு முன்ன வளந்த பிள்ளைய. வாசிச்சு முடிச்சப்போ ஒருத்தனும் எனக்க மூஞ்சியப் பாக்கல்ல.”

நகலை நீட்டினாள். வாங்கி, படிக்காமல் திருப்பிக் கொடுத்தார். “இது ஃபைல்ல கெடந்தா யாரு பாப்பா? நாலுபேரு கேக்கச் சொன்னத நாலுபேரு கேக்க மாத்திச் சொல்லணும். அது போதும்.”

“சொல்லுதேன்.”

செல்வதாஸ் ஒத்துக்கொள்ள இரண்டு நாள் பிடித்தது. “ரெண்டே நிமிசம்,” என்றார். திங்கட்கிழமை காலை ஜெபம் முடிந்ததும் லிஜி முன்னால் போய் நின்றாள். எழுதிக் கொண்டுபோனதை வாசிக்காமல் சொன்னாள். போன வருஷம் லேப் லைன் விட்டதற்கு ரசலையண்ணன் காரணமில்லை, நான் போட்ட தப்பான எண்தான் காரணம், சோதித்துப் பார்க்காமல் அவர்மேல் எழுதிக் கொடுத்தேன், அவரிடமும் உங்களிடமும் மன்னிப்புக் கேட்கிறேன். இரவு டியூட்டி முடித்து வந்த நர்ஸ் ஒருத்தி கொட்டாவியை அடக்கினாள். பார்மசிப் பையன்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செசிலி சிஸ்டர் மட்டும் பின்னால் திரும்பி, கடைசி பெஞ்சில் இருந்த ரசலையனை நேராகப் பார்த்துத் தலையசைத்தார்.

வெளியே வராந்தாவில் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார். பழைய இடத்துக்கே வரலாம் என்று செல்வதாஸ் அவரிடம் சொல்லியிருந்ததை லிஜி கேள்விப்பட்டிருந்தாள்.

“ஜெனரேட்டர் ரூமுக்கு எப்ப வருதியண்ணே?”

“வரல்ல மேடம். அங்க முப்பத்தாறு படி. முட்டு சம்மதிக்காது. இனி அஞ்சு மாசம்தானே, அங்கயே இருந்துக்கிடுதேன்.”

அவருக்குக் கோபமிருப்பதாகத் தெரியவில்லை, சந்தோஷமும் இல்லை.

“ஹாஸ்டல் மேல் மாடிக்குத் தண்ணி ஏறல்லன்னு பிள்ளைய காத்துக்கிட்டு நிக்கும்,” என்று சொல்லிவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக இறங்கினார். வழியில் எதிர்ப்பட்ட வார்டு உதவியாளர் ஒருவர் நின்று, அவர் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். ரசலையன் தலையாட்டிக் கேட்டுவிட்டு, உதவியாளரின் தோளைத் தட்டிவிட்டு, மழைக்குள் ரோட்டைக் கடந்தார்.