வாளியின் நீல விளிம்பு

மலைமேல் ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருந்த அந்த லாட்ஜின் வரவேற்பறையில் ஒரு சின்னக் கடல் இருந்தது. நாலடிக் கண்ணாடித் தொட்டி, உப்புத் தண்ணீர், இரண்டு பாறை, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட ஒரு கோமாளி மீன். மூடுபனி ஜன்னலில் வந்து முட்டிக்கொண்டு நிற்கும் நாட்களில், எது தொட்டிக்கு உள்ளே, எது வெளியே என்று மேனகாவுக்குக் குழம்பிவிடும். அங்கே மேசையில் உட்கார்ந்து அறைச்சாவி கொடுக்கும் அவள் இதுவரை கடலைப் பார்த்ததில்லை. அவளுக்குத் தெரிந்த கடல் இது ஒன்றுதான்.

ஐந்து நாளாக அந்த மீன் சாப்பிடவில்லை. தீனி மூக்குக்கு நேராக மிதந்து போனாலும், கடன் கேட்க வந்தவரைப் பார்த்ததுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டது. முதலாளி பொன்னுவேல் முடிவாகச் சொல்லிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் சாப்பிடாவிட்டால் மீனைச் சேலத்துக் கடைக்கே அனுப்பிவிட்டுத் தொட்டியில் பிளாஸ்டிக் பூ வைக்கப் போகிறாராம். இந்த நிலைமையில் பாலித்தீன் பையில் கொண்டை ஊசி வளைவுகளில் குலுங்கி இறங்கினால் அது உயிரோடு போய்ச் சேராது என்று மேனகாவுக்குத் தெரியும். அன்று புதன்.

மீனை விற்ற சேலத்துக் கடைக்காரர் மரியதாஸுக்குப் போன் போட்டாள். மலைக்குளிராகத்தான் இருக்கும் என்றார் அவர். தொட்டியில் சூடு இருபத்தாறு டிகிரி காட்டியது. உப்பு அளவும் சரி. மீன் உடம்பில் புள்ளி இல்லை, மூச்சும் சீராக இருந்தது. அவள் சொன்னதையெல்லாம் கேட்டுக்கொண்டு அடுத்ததைக் கேட்டார்.

"கூட ஒரு எறா குடுத்தனே கண்ணு, அது எப்புடி இருக்குது?"

போன வாரம் இறால் தோல் உரித்துப் போட்டதுபோல் ஒன்று தொட்டிக்குள் கிடந்தது. வெறும் கூடுதானே என்று மேனகா அதை எடுத்து எறிந்திருந்தாள். இறால் பாறைக்குள் ஒளிந்திருப்பதாக நினைத்திருந்தாள். இப்போது பாறையைத் தூக்கிப் பார்த்தாள். இறால் இல்லை. அவள் எறிந்தது கூட்டை அல்ல, செத்த இறாலையே.

"அப்படின்னா தண்ணில செம்பு எறங்கிருக்குது. எறாதான் மொதல்ல போகும். மீனுக்குப் பசி போயிரும்," என்றார் மரியதாஸ்.

தொட்டியில் செம்பும் விழவில்லை, பித்தளையும் விழவில்லை. அப்படியானால் தண்ணீரோடுதான் வந்திருக்க வேண்டும். மேனகா பின்கட்டுக்குப் போய், உப்புத் தண்ணீர் கலக்கும் வாளியை வெளிச்சத்தில் கவிழ்த்தாள். பழைய வாளி உடைந்ததால் பத்து நாள் முன்பு தோட்டக்காரர் தனபால் கொண்டுவந்து கொடுத்தது. விளிம்பின் மடிப்புக்குள் மெல்லிய நீலக் கோடு. காப்பிச் செடிக்கு மருந்தடிக்கும் நாட்களில் தனபாலின் சட்டைக் கையில் இருக்கும் அதே நீலம். மயில்துத்தம். அது செம்பிலிருந்து வருவதுதானே.

"கழுவித்தான் குடுத்தேன் சாமி, நாலு தண்ணி ஊத்தி," என்றார் தனபால். வாளியையும் மீனையும் மாறி மாறிப் பார்த்தார். "இத அடிச்சா காப்பிக்குப் பூஞ்சை புடிக்காது. மீனுக்கு இதுவே புடிக்காமத்தான் போயிருக்குது."

மேனகாவுக்குக் கோபம் வர வேண்டிய இடத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மறுநாள் அவர் தன் வீட்டிலிருந்து ஸ்டிக்கர்கூடப் பிரிக்காத குடம் ஒன்றைக் கொண்டுவந்தார். வேறு எதற்கும் யாரும் எடுத்துவிடாதபடி அவள் அதன்மேல் மார்க்கரால் 'கடல்' என்று எழுதினாள்.

செம்பை இழுக்கும் வெள்ளைப் பஞ்சு ஒன்றை மரியதாஸ் பஸ்ஸில் கொடுத்தனுப்பினார். தினமும் கால் பங்கு தண்ணீரை மாற்றச் சொன்னார். வெள்ளிக்கிழமை பார்த்தபோது பஞ்சு நீலம் பாரித்திருந்தது. மீன் மட்டும் அப்படியே மூலையில் நின்றது. சனிக்கிழமையும் அப்படித்தான்.

ஞாயிறு காலையில் பொன்னுவேல் பிளாஸ்டிக் பூங்கொத்தோடு வந்துவிட்டார். மேனகா ஒரு துளி தீனியைப் போட்டாள். மீன் மூலையிலிருந்து கிளம்பி வந்து, வாயில் வாங்கி, துப்பியது.

"துப்பிருச்சு பாத்தியா," என்றார் அவர்.

"வாயத் தொறந்துச்சுங்க," என்றாள் மேனகா.

துப்பிய தீனி மெதுவாகக் கீழே இறங்கியது. மீன் அதன் பின்னாலேயே போய்த் திரும்பவும் கவ்வியது. இந்த முறை துப்பவில்லை. பொன்னுவேல் பூங்கொத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கண்ணாடிக்குப் பக்கத்தில் குனிந்தார்.

"இன்னொன்னு போடு கண்ணு."