கருப்பிக்கு வைத்த கைநாட்டு

ஐம்பத்தாறாம் வருஷம் ஆடி மாதத்தில் நான்கு நாளாய்க் காணாமல் போயிருந்த கருப்பி, ஐந்தாம் நாள் மதியம் குப்பம்மாவின் மீன்கூடையில் படுத்தபடி, அவள் தலைமேல் ஊர்வலமாக வீடு திரும்பியது. நாய்வண்டிக்காரன் பிடித்துப் போய்விட்டான் என்று முடிவு கட்டி, ஒரு வேளைச் சோற்றைத் தள்ளிவைத்துத் துக்கம் அனுசரித்திருந்த அவள் புருஷன் மாரியப்பனுக்கு வாயெல்லாம் பல். கூடையை இறக்கியதும் பல் அத்தனையும் உள்ளே போயிற்று. நாயின் வயிற்றைச் சுற்றி வெள்ளைத் துணிக்கட்டு.

"இன்னாமே இது?"

"ஆப்ரேசன். வேப்பேரி மாட்டாஸ்பத்திரில கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க. இனிமே குட்டி போடாது."

மாரியப்பன் காய்ந்துகொண்டிருந்த வலையின்மேல் அப்படியே உட்கார்ந்தான். பதினெட்டு வருஷமாகக் கட்டுமரம் தள்ளுகிறவன். சுறாவை நேருக்கு நேர் பார்த்து, அதற்கு மரியாதையாக வழிவிட்டு வந்தவன். அவனுக்கே கை கால் ஓடவில்லை.

கால்மணி நேரத்தில் ராயபுரம் கடலோரக் குப்பத்தின் ஆண்பிள்ளைகள் மொத்தமும் கூடிவிட்டார்கள். இழவு வீட்டில் நிற்பதுபோல் கைகட்டி நின்று நாயைப் பார்த்தார்கள். ஒருவன் தன்னையறியாமல் கைலியை அவிழ்த்து இறுக்கிக் கட்டிக்கொண்டான். குப்பத்துப் பஞ்சாயத்தில் தீர்ப்புச் சொல்கிற நாட்டார் எத்திராஜ் தொண்டையைக் கனைத்தார்.

"வாயில்லா சீவன் வயித்துல கத்தி வெக்கச் சொன்னது யாரு?"

"நான்தான் நாட்டாரே. நாயி யாருதுன்னு டாக்டரு கேட்டாரு. என்துன்னேன். அப்பிடின்னா வெய்யி பெருவெரலன்னாரு. வெச்சேன்."

"கடலாத்தா பொறுப்பாளா? நாளைக்கு மீனு படுமா?"

"போன மாசம் நாய்வண்டிக்காரன் இடுக்கியால கழுத்தக் கவ்வி பதினோரு குட்டிய வாரிக்கினு போனானே, அப்போ ஆத்தா தூங்கினு இருந்தாளா? வருசத்துக்கு ரெண்டு ஈத்து, ஈத்துக்கு ஆறு. அல்லாமே வளந்து கருவாட்டத் துன்னுது, புள்ளைங்களக் கடிக்குது, அப்பால வண்டிக்குப் போவுது. வளக்கறது நானு, சாவடிக்கறது அவனா?"

நாட்டார் பதில் யோசிப்பதற்குள், பின்தங்கியிருந்த இரண்டு கட்டுமரங்கள் கரையேறின. வலை கிழிகிற அளவுக்கு வவ்வால் மீன். ஆத்தாவின் கோபத்தைப் பற்றிய விசாரணை, மீன் விற்றுத் தீரும்வரை ஒத்திவைக்கப்பட்டது.

ஆள் கலைந்ததும் குப்பம்மா இடுப்புச் செருகலிலிருந்து மடித்த காகிதம் ஒன்றை எடுத்தாள்.

"எனக்கும் எடுத்துடு சாமின்னு அந்த டாக்டராண்ட கேட்டேன்."

மாரியப்பன் சுற்றுமுற்றும் பார்த்தான். யார் காதிலும் விழுந்திருக்கவில்லை.

"பாவம், அந்த ஆளு நாற்காலிய வுட்டு எழுந்து நின்னுட்டாரு. அம்மா, இது மாட்டாஸ்பத்திரின்னாரு. மாட்டுக்கும் நாயிக்கும் கீற வைத்தியம் மனுசிக்கு இல்லியான்னேன். பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போன்னாரு. போனேன்."

அங்கே நர்ஸ் எல்சி அவளை மறந்திருக்கவில்லை. ஏழாவது பிரசவத்தில் ரத்தம் நிற்காமல் இரண்டு நாள் கண் திறக்காமல் கிடந்தவளை எப்படி மறப்பது?

"அடுத்தது வந்தா புள்ள வூட்டுக்குப் போவும், நீ சுடுகாட்டுக்குப் போவேன்னு அந்தம்மா சொல்லிட்டாங்க. ஆப்ரேசன் பண்ணலாமாம். ஆனா பாரு, நாயிக்கு நான் கைநாட்டு வெச்சா செல்லுது. எனக்கு நான் வெச்சா செல்லாதாம். இந்தக் காய்தத்துல நீதான் வெக்கணுமாம்."

"ஊரு இன்னா பேசும்?"

"ஊரா வந்து பெக்கப்போவுது?"

மாரியப்பன் காகிதத்தைப் பிடுங்கிக்கொண்டு நாட்டார் வீட்டுக்கு நடந்தான். கணக்கு எளிமையானது. கூடாது என்று நாட்டார் ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், தான் சொல்ல வேண்டியதில்லை.

எத்திராஜ் முழுக்கக் கேட்டார். காகிதத்தைத் தலைகீழாகப் பிடித்துக் கவனமாகப் பார்த்தார். பிறகு எழுந்து கதவைச் சாத்தினார். உள்ளே அவர் மனைவி புஷ்பவல்லி, பத்தாவது பிள்ளையை வயிற்றில் சுமந்தபடி அடுப்பு ஊதிக்கொண்டிருந்தாள்.

"டேய், இந்தக் காய்தம் யாராண்ட கெடைக்கும்?" என்றார், காதோடு.

"நாட்டாரே!"

"கத்தாத. போன தபா இவளுக்கு ஜன்னி கண்டுச்சு. பாயில குந்திக்கினு விடிய விடிய அழுதேன்டா. ஆனா நாட்டாரு மொதல்ல வெச்சா ஊரு சிரிக்கும். அதனால நீ வெய்யி. நான் உன்ன நடுப்பஞ்சாயத்துல நிக்க வெச்சு நல்லாத் திட்டறேன். இவ பெத்துப் பொழச்சு வந்ததும், சத்தமில்லாம நானும் வெச்சுடறேன்."

கருப்பியின் கட்டைப் பார்த்தபோதுகூட மாரியப்பனுக்கு இப்படித் தூக்கிவாரிப் போடவில்லை. ஊரே நடுங்குகிற நாட்டார், பாயில் உட்கார்ந்து அழுதிருக்கிறார். திரும்பி வருகையில், குப்பம்மா கண் திறக்காமல் கிடந்த அந்த இரண்டு நாளும் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தான். கடலுக்குப் போயிருந்தான். நல்ல மீன்பாடு என்பதுவரை ஞாபகம் இருந்தது. அதற்குமேல் யோசிக்க அவனுக்குப் பயமாக இருந்தது.

வீட்டில் மை கிடையாது. சோற்றுப் பானையின் அடிக்கரியில் பெருவிரலைத் தேய்த்துக் காகிதத்தில் அழுத்தினான். கரி வழுக்கி இழுபட்டுவிட்டது.

"இன்னாய்யா இது, நண்டு ஓடுனாப்பல கீது," என்றாள் குப்பம்மா. "பக்கத்துல இன்னொண்ணு வெய்யி."

வைத்தான். நர்ஸம்மாவுக்குச் சந்தேகம் எதுவும் வந்துவிடக் கூடாது என்று, குப்பம்மா கேட்காமலே மூன்றாவதாகவும் ஒன்று வைத்தான்.