தனசிங் பாராட்டிய வாரம்

மறைமலை நகரில், கார்களுக்கு ஒயர்க்கட்டு செய்து அனுப்பும் அந்தக் கம்பெனியில் பயிற்சிப் பிரிவு என்று ஒரு கதவில் போர்டு மாட்டியிருக்கும். கதவைத் திறந்தால் உள்ளே எப்சி இருப்பாள். அவளும் ஒரு புரொஜெக்டரும் ஒரு டப்பா மார்க்கர் பேனாவும் சேர்ந்ததுதான் பிரிவு. அதையும் இழுத்து மூடிவிடலாமா என்று பார்க்கத்தான் தலைமை அலுவலகத்திலிருந்து ஜோசலின் மேடம் வெள்ளிக்கிழமை வருகிறார்.

மூடினால் எப்சியை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்களாம். பெரிய மனசு! கேன்டீனையும் கம்பெனி பஸ்ஸையும் கவனித்துக்கொள்ளச் சொல்வார்களாம். எம்.பி.ஏ. படித்துவிட்டு, சாம்பாரில் உப்பு ஏன் தூக்கல், பஸ் பெருங்களத்தூரில் ஏன் நிற்கவில்லை என்று பஞ்சாயத்துப் பண்ணிக்கொண்டு உட்கார வேண்டும். 

இத்தனைக்கும் அவள் வகுப்பைக் குறை சொன்னவர் ஒருத்தர் கிடையாது. முடிந்ததும் எல்லா சூப்பர்வைசர்களும் கைதட்டுவார்கள். "சூப்பர் மேடம்", "இந்த மாதிரி கிளாஸ் நாங்க கேட்டதே இல்ல மேடம்" என்பார்கள். மூன்றாம் உற்பத்தி லைனைப் பார்த்துக்கொள்ளும் தனசிங்தான் எல்லாரையும்விடப் பலமாகத் தட்டுவார். தட்டிவிட்டு லைனுக்குப் போவார், போனதும் பழையபடி கத்த ஆரம்பிப்பார். கிழக்குத் தாம்பரத்து மனிதர். ஞாயிற்றுக்கிழமை கோயில் பாடகர் குழுவில் அடிக்குரலில் பாடுவார், மற்ற நாளெல்லாம் அந்தக் குரல் லைனுக்குத்தான். அவர் திட்டினால் இரண்டாம் லைனில் இருப்பவன் சட்டைப் பொத்தானைச் சரிபார்த்துக்கொள்வான்.

திங்கட்கிழமை வகுப்பில் எப்சி பலகையில் ஒரு சாண்ட்விச் வரைந்தாள். "ஒருத்தர் தப்பு செஞ்சா நேரா திட்டக் கூடாது. முதல்ல ஒரு பாராட்டு, அது கீழ் பிரெட். நடுவுல தப்பைச் சொல்லணும். முடிக்கும்போது இன்னொரு பாராட்டு, அது மேல் பிரெட். நல்ல தலைவர் இப்படித்தான் பேசுவார்."

தனசிங் கையைத் தூக்கினார். "மேடம், எங்க வூட்ல ஜொரம் வந்தாதான் பிரெட்டு வாங்குவோம்."

வகுப்பே கொல்லென்று சிரித்தது. எப்சிக்கு முகம் சுருங்கிப்போயிற்று. "சரிண்ணா, இட்லின்னு வச்சுக்கோங்க."

"இட்லிக்கு நடுவுல இன்னா மேடம் வைப்பாங்க?"

எல்லாரும் கைதட்டிக் கிளம்பிய பிறகு அவள் தனசிங்கை மட்டும் நிறுத்தினாள். வெட்கத்தை விட்டுச் சொன்னாள். "அண்ணா, இந்த ஒரு வாரம் மட்டும் நான் சொன்னபடி செஞ்சு காட்டுங்க. ஒரு ஆளாவது மாறினார்னு நான் காட்டணும். இல்லன்னா என்னைக் கேன்டீனுக்குத் தூக்கிப் போட்ருவாங்க."

தனசிங்குக்கு மனசு இளகிவிட்டது. "அட, இத்த மொதல்லயே சொல்றதில்ல? நீங்க வூட்டுக்குப் போங்க மேடம். நான் பாராட்டித் தள்ளிர்றேன்."

சொன்ன சொல் தவறாத மனிதர். அதுதான் வினை.

செவ்வாய்க்கிழமை காலையில் பிரிட்டோ ஒரு கனெக்டரைத் தப்பாகக் குத்தியிருந்தான். தனசிங் அவன் பின்னால் போய் நின்றார். பிரிட்டோ பழக்கப்படி தோளைக் குறுக்கிக்கொண்டான். அவர் அந்தத் தோளில் கை வைத்தார். "பிரிட்டோ, உன் வேலை சுத்தமா கீதுப்பா. இந்த ஒண்ணு மட்டும் மாறிப்போச்சு. ஆனாலும் நீ ரொம்ப நல்ல மனுசன்யா."

பிரிட்டோ பேயறைந்தவன்போலத் திரும்பினான். அவனுடைய மாதா கோயில் பங்கில் ஒருத்தரை நல்ல மனுசன் என்று வாய்விட்டுச் சொல்வது கல்லறைத் தோட்டத்தில்தான். ஆளைக் கீழே இறக்குவதற்குச் சற்று முன்பு.

"ண்ணா, உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"நான் நல்லாதான் கீறேன்."

"அப்ப எனக்கா?"

தனசிங்குக்கு வசவு நாக்கு நுனி வரைக்கும் வந்தது. எப்சியை நினைத்து விழுங்கிக்கொண்டார். புன்னகை செய்தார். அந்தப் புன்னகையைப் பார்த்த பிரிட்டோ மத்தியானம் பாதிச் சாப்பாட்டோடு கை கழுவிவிட்டான்.

சாயங்காலம் கம்பெனி பஸ் வண்டலூர் நெரிசலில் மாட்டிக்கொண்டு நின்றது. ஒரு வதந்தி வளர அதுக்கு மேல் என்ன வேண்டும்? ஊரப்பாக்கத்தில் "தனசிங் பாராட்டினாராம்" என்று இருந்த பேச்சு, பெருங்களத்தூர் வருவதற்குள் "மூணாம் லைனை மூடறாங்களாம்" என்று ஆகிவிட்டது. "சும்மாவா தட்டிக் குடுப்பாங்க? ஆட்டை வெட்றதுக்கு முன்னாடி மாலை போட மாட்டாங்களா?" என்றான் ஒருத்தன். தாம்பரத்தில் இறங்கும்போது ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. மறுநாள் இரண்டு பேர் லீவு போட்டுவிட்டுப் பக்கத்துக் கம்பெனி வாசலில் வேலை கேட்டு நின்றார்கள்.

புதன்கிழமை கங்கம்மா முறை. உள்ளூர்க்காரி, லைனில் அவளைப் போல வேகமாக டேப் சுற்ற ஆள் இல்லை. அவளுடைய மேசையில் குப்பை கிடந்தது. "கங்கம்மா, உன் கைராசி யாருக்கு வரும்? குப்பைய மட்டும் கொஞ்சம் கூட்டிடு. இந்த லைனுக்கே நீதாம்மா வெளக்கு" என்று பத்துப் பேர் காதுபடச் சொன்னார் தனசிங்.

அன்றைக்கு ராத்திரி அவள் வீட்டு மிக்ஸி புகைந்தது. காலையில் குளியலறையில் வழுக்கி விழுந்தாள். மத்தியானம் டேப் வெட்டும் கத்தி விரலைப் பதம் பார்த்தது. கங்கம்மாவுக்கு விளங்கிவிட்டது. கல்லடி பட்டாலும் கண்ணடி படக் கூடாது என்று பெரியவர்கள் சும்மாவா சொல்லிவைத்தார்கள்?

எப்சிக்கு இதெல்லாம் தெரியவே தெரியாது. அவள் கண்ணாடி வழியாகப் பார்த்தாள், மூன்றாம் லைன் பொட்டுச் சத்தமில்லாமல் இருந்தது. மாற்றம் வந்துவிட்டது என்று பூரித்துப்போனாள். பாவம்!

வெள்ளிக்கிழமை ஜோசலின் மேடம் வந்தார். பிளான்ட் மேனேஜர் வேதசிரோமணி முன்னால் நடக்க, எப்சி பின்னாலேயே விளக்கிக்கொண்டு போனாள். "மூணாம் லைன்தான் மேடம் நம்ம மாதிரி லைன். இங்க இப்ப யாரும் யாரையும் திட்டறதில்ல" என்று அவள் சொல்லி வாய் மூடவில்லை, தீ அலாரம் அலற ஆரம்பித்தது.

விழுந்தடித்துக்கொண்டு எல்லாரும் வெளி மைதானத்துக்கு ஓடினார்கள். ஓடினவர்கள் மூலைக்கு ஒருத்தராகச் சிதறி நின்றார்கள். ஒருத்தனிடம் ஹெல்மெட் இருந்தது, ஒருத்தியிடம் டிபன் பாக்ஸ் இருந்தது. தலை எண்ண வேண்டிய தனசிங் ஜோசலின் மேடத்தைப் பார்த்தார், எப்சியைப் பார்த்தார், தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"அன்புள்ள நண்பர்களே, நீங்க எல்லாரும் ரொம்ப அழகா ஓடியாந்தீங்க..."

"போச்சுடா!" என்று கூட்டத்தில் ஒரு குரல் எழும்பியது. "கூப்ட்டு வச்சு சொல்றாங்க! மொத்தமா அனுப்பறாங்க!" சரசு என்கிற பெண் ஓவென்று அழவே ஆரம்பித்துவிட்டாள். ஒருத்தரும் வரிசையில் நிற்கவில்லை. யார் வந்தார்கள், யார் உள்ளே மாட்டிக்கொண்டார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் தனசிங்குக்கு நாலு நாளாக அடைத்துவைத்தது உடைத்துக்கொண்டது.

"அடச்சீ! மூள கீதா உங்களுக்கு? நெருப்புன்னா உசுர தூக்கிகினு ஓடியாருவியா, தயிர்சாதத்த தூக்கிகினு ஓடியாருவியா? டேய் பிரிட்டோ, தூணாட்டம் நிக்கிற, ஹெல்மெட்டு எங்கடா? சரசு, அப்பறமா அழு, மொதல்ல லைன்ல நில்லு! கங்கம்மா எங்க? அவள காணோமே, பக்கத்துல வேல பாக்கறவ கண்ண இன்னா பொடனியிலயா வச்சினு கீற?"

 கூட்டத்தில் முகமெல்லாம் மலர்ந்தது. "திட்றாருடி!" என்று ஒருத்தி இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டாள். மளமளவென்று வரிசை கட்டினார்கள். கங்கம்மா ஒருத்தியைத் தவிர எல்லாரும் இருந்தார்கள்.

அவளையும் செக்யூரிட்டி அழைத்துக்கொண்டு வந்துவிட்டார். அவள் கையில் கருகின பிஸ்கட் டின் இருந்தது. பெண்கள் ஓய்வறையில் உப்பும் மிளகாயும் சுற்றிப்போட்டுக் கொளுத்தியிருக்கிறாள்.

"பொட்டு நெடி வரல சார்!" என்றாள் அவள், பிளான்ட் மேனேஜரிடமே. "அவ்ளோ கண்ணு பட்டு கீது எனக்கு. எல்லாம் தனசிங்ணா பாராட்டினதால வந்த பேஜாரு."

வேதசிரோமணியின் முகம் மிளகாயாகச் சிவந்தது. "கம்பெனிக்குள்ள நெருப்பா? யார் பாராட்டச் சொன்னது?"

 தனசிங் வாயைத் திறப்பதற்குள் எப்சி முந்திக்கொண்டாள். "நான்தான் சார். என் கிளாஸ்ல சொல்லிக் குடுத்தது."

 ஜோசலின் மேடம் தனசிங் பக்கம் திரும்பினார். "எப்படி இருந்தது எப்சி கிளாஸ்?"

'சூப்பர்' என்று சொல்லிவிடுவார் என்று எப்சி நினைத்தாள்.

"என்னா கிளாஸ் மேடம் அது?" என்று வெடித்தார் தனசிங். "இவன பாராட்டினேன், சோறு எறங்கல. அவள பாராட்டினேன், மிக்ஸி பூட்ச்சி. ரெண்டு பேரு வேற கம்பெனிக்கு வேல தேடிப் போயிட்டான். சொன்னத ஒண்ணு உடாம செஞ்சேன் மேடம், கீழ ஒரு பிரெட்டு, மேல ஒரு பிரெட்டுன்னு! எங்காளுங்களுக்குப் பாராட்டுன்னா இன்னான்னு ஒரு வார்த்த கேட்டுட்டு இல்ல கிளாஸ் எடுக்கணும்?"

 ஜோசலின் மேடம் எப்சியையே பார்த்தார்.

"நான் போற பிளான்ட்ல எல்லாம் 'சூப்பர் கிளாஸ்'னுதான் சொல்றாங்க. லைன்ல போய்ப் பார்த்தா ஒருத்தரும் ஒண்ணும் செஞ்சிருக்க மாட்டாங்க. கிளாஸ்ல கேட்டதைச் செஞ்சு பார்த்து, எங்க இடிக்குதுன்னு சொன்ன முதல் ஆளை இன்னைக்குத்தான் பார்க்கறேன்." வேதசிரோமணியிடம் திரும்பினார். "பிரிவு இருக்கட்டும் சார். ஆனா எப்சி அடுத்த கிளாஸை ரூம்ல உட்கார்ந்து எழுத வேண்டாம். லைன்ல நின்னு எழுதட்டும். அந்த அம்மாவுக்கு ஒரு மெமோ குடுத்துருங்க, நெருப்பு நெருப்புதான்."

எல்லாரும் உள்ளே திரும்பிப் போகும்போது எப்சி ஓடிப்போய் தனசிங்கைப் பிடித்தாள். அவளுக்குக் கண் கலங்கியிருந்தது. "ரொம்ப நன்றிண்ணா."

"இன்னாத்துக்கு நன்றி?" அவர் நின்ற இடத்திலேயே திட்ட ஆரம்பித்தார். "ஒரு ஒயர எந்தக் கையில புடிக்கணும்னாவது தெர்யுமா உனக்கு? ஏசி ரூம்ல குந்திகினு பிரெட்டு படம் போடற! நாளைக்குக் காலம்பற வந்து என் லைன்ல நில்லு. இந்தச் செருப்போட வந்தீனா கேட்டோட திருப்பி அனுப்பிருவேன், ஆமா!"

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து அந்தக் கம்பெனியில் எப்சியை ஒருத்தரும் திட்டியதில்லை. 'அருமை மேடம்' என்று கைதட்டித்தான் அனுப்பியிருக்கிறார்கள். அந்தக் கைதட்டலெல்லாம் எதற்கு என்று இப்போதுதான் உறைத்தது. சீக்கிரம் முடிச்சுட்டுக் கிளம்புங்க மேடம், எங்களுக்கு வேலை இருக்கு. அவ்வளவுதான்! அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

"எத்தன மணிக்குண்ணா?" என்றாள்.

"மணி கேக்கற மூஞ்சியப் பாரு! ஆறு மணிக்குத் தாம்பரத்துல பஸ்ஸு. ஒரு நிமிசம் லேட்டானாலும் உட்டுட்டுப் பூடுவான்."

"சரிண்ணா" என்றாள் எப்சி. அவர் திட்டிக்கொண்டே லைனைப் பார்க்க நடந்தார், அவளும் கூடவே போனாள்.