பதினோரு வீட்டு விவரம்

அந்தத் தெருவில் எல்லோருக்கும் அவள் தையலக்கா. முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டு உட்கார்ந்தால், தெருவில் போகிற வருகிற ஆளெல்லாம் அவள் கண்ணைத் தாண்டித்தான் போகவேண்டும். ஜிப் மாற்ற வருகிறவர்களும் பேன்ட் உயரம் குறைக்க வருகிறவர்களும் காத்திருக்கும் நேரத்தில் வீட்டுக் கதையை அவிழ்த்துவிட்டுப் போவார்கள். அவளுக்கும் வாய் கொஞ்சம் நீளம்.

அந்த மாதம் பட்டப்பகலிலேயே சுற்றுவட்டாரத்தில் மூன்று வீடுகளில் திருட்டு நடந்தது. பஸ் நிறுத்தத்தில் இரண்டு பேரின் போன் பறிபோனது. நகரத்தில் திருட்டு அதிகமுள்ள இடங்களில் அவர்கள் பகுதிக்கு இரண்டாம் இடம் என்று பத்திரிகையில் வந்தது.

"முதலிடத்தை யாரு தட்டிட்டுப் போனது?" என்றார் பஸ் ஓட்டுநரான அவள் கணவர். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வாசல் கதவுக்கு இன்னொரு தாழ்ப்பாள் போடச் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் அந்தப் பெண் வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கழுத்தில் அடையாள அட்டை, கையில் டேப்லெட்.

"குற்றத் தடுப்பு சர்வேங்க. எந்த வீட்டுக்கு எப்போ பாதுகாப்பு இல்லைன்னு தெரிஞ்சாத்தானே ரோந்து விட முடியும்?"

தையலக்கா நாற்காலி போட்டாள், தண்ணீர் கொடுத்தாள். வீட்டில் எத்தனை பேர், எப்போது ஆளில்லாமல் இருக்கும், மாற்றுச் சாவி வெளியே வைப்பதுண்டா என்று வரிசையாகக் கேள்வி வந்தது. எல்லாவற்றுக்கும் பதில் சொன்னாள். மற்ற வீடுகளில் யாரும் கதவைத் திறப்பதில்லை என்று அந்தப் பெண் சலித்துக்கொண்டதும், "அட, என்னைக் கேளும்மா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

பதினோரு வீட்டு விவரமும் அரை மணி நேரத்தில் முடிந்தது. நர்ஸம்மா வீட்டுச் சாவி பூந்தொட்டிக்கு அடியில். கணக்கு வாத்தியார் தனி ஆள்; செவ்வாய்க்கிழமை நாலு மணிக்கு முட்டிவலிக்குப் பயிற்சி எடுக்கப் போய்விடுவார், சாவி செருப்பு அலமாரிக்குப் பின்னால்.

"உங்களை மாதிரி ஒரு ஆள் தெருவுக்கு ஒருத்தர் இருந்தாப் போதும்க்கா" என்றாள் அந்தப் பெண். தையலக்காவுக்கு உச்சி குளிர்ந்தது.

பத்தாம் நாள் நர்ஸம்மா வீட்டில் திருட்டு. பூட்டு உடையவில்லை. பூந்தொட்டி ஒரு சாண் நகர்ந்திருந்தது. விசாரிக்க வந்த போலீஸ்காரரிடம் தையலக்கா மெதுவாகக் கேட்டாள்.

"சார், போன வாரம் சர்வே எடுத்தாங்களே..."

"சர்வேயா? நாங்க யாரையும் அனுப்பலையே. யார் வந்தாங்க? உங்ககிட்ட ஏதாவது கேட்டாங்களா?"

"இல்ல சார். பக்கத்துல யாரோ பேசிக்கிட்டாங்க."

வீட்டில் கணவரிடம் மட்டும் உண்மையைச் சொன்னாள்.

"வெளிய மூச்சு விட்டுடாதே. திருடனுக்குத் துணை போனவள்னு உன்னையே பிடிச்சு உள்ள வைப்பாங்க" என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை வந்தது. நாலு மணிக்கு வாத்தியார் கைத்தடியோடு அவள் ஜன்னலைக் கடந்தார்.

"சார், இன்னைக்குப் போகவேணாமே."

"ஏம்மா?"

"மழை வர்ற மாதிரி இருக்கு."

அவர் வானத்தை அண்ணாந்து பார்த்தார். பளிச்சென்ற வெயில். சிரித்துவிட்டு நடந்தார்.

அவள் மெஷினை நிறுத்திவிட்டுக் காத்திருந்தாள். நாலே காலுக்கு வாத்தியார் வீட்டு வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட இரண்டு பேர், தோளில் கேபிள் சுருள். ஒருவன் நேராகச் செருப்பு அலமாரிக்குப் பின்னால் கையை விட்டான். தேடக்கூட இல்லை.

அவர்கள் உள்ளே போனதும் போலீஸுக்குப் போன் செய்தாள். பிறகு தெருவில் இறங்கி, "திருடன்! எல்லாரும் வெளிய வாங்க!" என்று கத்தினாள். ஜன்னல்களில் திரைச்சீலை அசைந்தது. ஒரு கதவும் திறக்கவில்லை.

இரண்டு பேரும் ஒரு பையோடு சாவகாசமாக வெளியே வந்தார்கள். மூத்தவன் கதவைப் பூட்டி, சாவியை இருந்த இடத்திலேயே வைத்தான். அவளைப் பார்த்து, தெரிந்தவர்களிடம் பேசுவதுபோல் பேசினான்.

"ஏன்க்கா சத்தம் போடுறீங்க? இந்த வாரம் உங்க வீட்டுக்காரருக்கு மத்தியான ஷிப்ட்டுதானே? பத்து மணி வரைக்கும் தனியாத்தானே இருப்பீங்க?"

வேன் போய்விட்டது. எண்ணைப் பார்க்கவேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை.

சாயங்காலம் வாத்தியார் வீட்டு வாசலில் போலீஸும் அக்கம்பக்கத்தாரும் கூடியிருந்தபோது, யாரும் கேட்காமல் தானே முன்னால் வந்து சொன்னாள். சர்வே, நாற்காலி, தண்ணீர், பதினோரு வீடு, ஒன்று விடாமல் எல்லாம்.

"சாவி பூந்தொட்டிக்கு அடியில இருக்குன்னு நீங்களா சொன்னீங்க?" என்றாள் நர்ஸம்மா.

"நான்தாம்மா."

நர்ஸம்மா திட்டவில்லை. மறுநாள் வந்து, தைக்கக் கொடுத்திருந்த துணியை வெட்டாமலே திருப்பி வாங்கிக்கொண்டு போனாள். வாத்தியார் இறந்துபோன மனைவியின் சங்கிலியைப் பறிகொடுத்திருந்தார். "மழை வரும்னு சொன்னப்போ உன் முகத்தைப் பார்த்திருக்கணும். நான் வானத்தைப் பார்த்தேன்" என்றார்.

போலீஸ் அவளை உள்ளே வைக்கவில்லை. அந்தப் பெண்ணின் அடையாளத்தை எழுதிக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் பூட்டு மாறியது. இரண்டு மாதத்தில் தெருவில் ஒரு திருட்டுகூட இல்லை. கணக்கில் சுழியம் என்று போலீஸ்காரர் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆனால் யாரும் இப்போது அவள் ஜன்னலருகே நின்று பேசுவதில்லை. எங்கே போகிறோம் என்று சொல்லாமலே போனார்கள், கேட்டால் "சும்மாதான்" என்றார்கள்.

மூன்றாம் மாதம் அடுத்த தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்தது. பூட்டு உடையவில்லை. கேள்விப்பட்டதும் அவளுக்கு விளங்கிவிட்டது: அங்கேயும் யாரோ நாற்காலி போட்டிருக்கிறார்கள். அது யாரென்று அந்த ஒருத்தருக்கு மட்டும் தெரியும். அவர் வாயைத் திறக்கமாட்டார்.

கணவர் தடுத்தும் அவள் கேட்கவில்லை. அன்று காலையிலேயே அந்தத் தெருவுக்குப் போய் முதல் வீட்டுக் கதவைத் தட்டினாள். சங்கிலி மாட்டியபடியே கதவு நாலு விரல் திறந்தது. உள்ளே ஒரு கண் மட்டும் தெரிந்தது.

"யாரு?"

"பக்கத்துத் தெருதாங்க. உங்ககிட்ட ஒரு விஷயம் கேக்கணும். இங்க யாராவது வந்து வீட்டு விவரம்..."

"நாங்க யாருக்கும் எதுவும் சொல்றதில்லை."

கதவு சாத்திக்கொண்டது. அவள் அடுத்த வீட்டுக்கு நடந்தாள். பின்னால், சாத்திய கதவுக்கு உள்ளிருந்து யாரோ போனில் அவசரமாகச் சொல்வது கேட்டது.

"ஆமாங்க, ஒரு பொம்பளை. வீடு வீடா வந்து விசாரிக்கிறா. சீக்கிரம் வாங்க."