மிளகளவு குமிழ்

எங்கள் கல்லூரியில் தாவரவியல் செய்முறைத் தேர்வின்போது கண்ணாடிக் குழாய்க்குள் விடும் காற்றுக்குமிழ், தேர்வு எழுதும் மாணவியின் குரல். மறுமுனையில் செருகியிருக்கும் கிளை தண்ணீரை உறிஞ்ச உறிஞ்ச, குமிழ் அதை நோக்கி நகரும். எவ்வளவு நகர்ந்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். மணி அடித்ததும் குரலைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதற்குள் குமிழ் கிளையை எட்டிவிட்டால் குரல் கிளைக்கு. சென்ற ஆண்டு ஓர் அக்காவின் குரலை அரளி குடித்துவிட்டது. துறை அலுவலகத்தில் இப்போது அந்த அரளிதான் போனை எடுக்கிறது.

எனக்குக் கிடைத்தது செம்பருத்தி. என் குரல் சிறியது. குமிழ் மிளகளவே இருந்தது. அன்று மாலை அப்பாவிடம் சொல்ல அதில் ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்துவைத்திருந்தேன்.

வெளியிலிருந்து வந்த தேர்வாளர் ஞானதுரை சாருக்கு வியர்த்தது. “செல்லக்கனி, அந்த ஃபேனப் போடுங்க” என்றார். ஆய்வக உதவியாளர் செல்லக்கனி அக்கா போட்டார். என் மேசைக்கு மேலிருந்த ஃபேன். காற்று பட்டால் இலைகளுக்குத் தாகம் கூடும். குமிழ் வேகமெடுத்தது. தண்ணீர்த் திருகைத் திறந்து அதைப் பின்னுக்குத் தள்ள ஒரு முறை அனுமதி உண்டு. நான் பதற்றத்தில் ஆரம்பத்திலேயே திறந்துவிட்டிருந்தேன்.

கையை உயர்த்தினேன். சார் கூடுதல் தாள் கொடுத்தார். அதில் ‘ஃபேனை நிறுத்தவும்’ என்று எழுதி நீட்டினேன். நிதானமாகப் படித்தார்.

“விடை சரிதான். அலகு எங்கம்மா?”

அலகை எழுதி முடிப்பதற்குள் குமிழ் கிளைக்குள் போய்விட்டது. மணி அடித்தது. மற்றவர்கள் தொண்டையைச் செருமிக்கொண்டு கிளம்பினார்கள்.

வாசலில் அப்பா மொபெட்டோடு நின்றிருந்தார். செம்பருத்தியை ஒரு ஜாடியில் வைத்துத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

“அப்பா, நான் மேல படிக்கணும்” என்றது அது. நான் ஒத்திகை பார்த்திருந்த அதே நடுக்கத்துடன்.

அப்பா ஜாடியையே பார்த்துக்கொண்டிருந்தார். “இத்தன நாளா வாயத் தொறந்து சொல்றதுக்கு என்ன? சரி, படி. ஏறு.”

ஜாடியை வாங்கிப் பின் சீட்டில் வைத்துத் துண்டால் கட்டினார். “கெட்டியாப் பிடிச்சுக்கோம்மா” என்றார். வண்டி போய்விட்டது.

நான் ஆய்வகத்துக்குத் திரும்பினேன். செல்லக்கனி அக்கா மேசைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“ஜன்னல் பக்கமா நில்லு. அங்கதான் வெயில் விழும்.”

செருப்பைக் கழற்றிவிட்டு அவர் வைத்த வாளிக்குள் இறங்கி நின்றேன். தண்ணீர் ஊற்றி, வாளியின் உட்புறத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். சற்று நேரம் கழித்துக் குனிந்து பார்த்தார். தண்ணீர் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே இருந்தது.

“பரவால்லயே, நல்லாவே குடிக்கிற” என்று சொல்லிவிட்டு, ஃபேனைப் போட்டார்.