பேசாதவர்கள் பட்டியல்

பக்கவாதத்தில் பேச்சைப் பறிகொடுத்த ஒருவர் மறுபடியும் "தண்ணி" என்று வாய்விட்டுக் கேட்பதற்கு ஆகும் செலவு, தலைக்கு மாதம் அரை டீ. முழு டீகூட இல்லை. கணக்கு என்னுடையது, தப்பு இருக்காது. பட்டனும் ஜிப்பும் நூல்கண்டும் மொத்த விலைக்கு விற்கிற கடையில், கல்லாவுக்கு அடியில் தவழ்ந்து வளர்ந்தவன் நான். அம்மா "இன்னும் ஒரு கரண்டி" என்றால் "அரைக் கரண்டின்னா முடிச்சுக்கலாம்" என்று சொல்லி வளர்ந்த பிள்ளை.

போன் வழியாகப் பேச்சுப் பயிற்சி தரும் குழுவை ஆரம்பித்தது அப்பாவுக்காக. நாற்பது வருடம் அதே கடையில் உட்கார்ந்து, வந்தவன் கேட்ட விலைக்கு ஒருமுறைகூட "சரி" சொல்லாத மனிதர். பக்கவாதம் வந்து போன பிறகு அவருக்கு மிஞ்சியது அந்த ஒரு வார்த்தைதான். பசிக்குதாப்பா? சரி. பசிக்கலையா? சரி. அவருக்கு எல்லாம் புரிகிறது, சொல்லத்தான் வரவில்லை என்றார் டாக்டர். விஷயம் மார்க்கெட்டில் பரவியதும் பழைய வாடிக்கையாளர்கள் மூன்று பேர் நலம் விசாரிக்கிற சாக்கில் வந்து, நேராக அப்பாவிடமே போய் விலை கேட்டுப் பார்த்தார்கள். அன்றைக்கே அவருடைய நாற்காலியைக் கடையின் உள்பக்கமாகத் தள்ளிப் போட்டுவிட்டேன்.

அப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் பேச்சுப் பயிற்சி கொடுத்த அம்மாளைத்தான் எல்லோரும் டீச்சர் என்போம். வாரத்தில் ஒரு நாள் பயிற்சி எந்த மூலைக்குக் காணும் என்று அவர்தான் இந்த யோசனையைச் சொன்னார். தினமும் காலை ஒன்பது மணிக்கு, வேலைக்குப் போகும் முன், ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து குழுவில் போடுவார். ஒரே ஒரு வார்த்தை. மெதுவாக, மூன்று தடவை, நடுவில் இடைவெளி விட்டு. அந்த இடைவெளியில் கேட்கிறவர் சொல்லிப் பார்க்க வேண்டும். பதில் எழுத வேண்டாம், கைதட்ட வேண்டாம். இதற்கு டீச்சருக்குச் சம்பளம் கிடையாது. எனக்கும் கிடையாது. ஆள் சேர்ப்பது, சண்டையைத் தீர்ப்பது, பணம் கட்டுவது மூன்றும் என் பொறுப்பு.

முதலில் போனில் எல்லோரும் காசில்லாமல் அரட்டை அடிக்கிற இடத்தில்தான் நடத்தினோம். அங்கே டீச்சரின் பதிவுகள் காலை வணக்கங்களுக்கு அடியில் புதைந்துபோயின. உறுப்பினர் ஒருவர், பேரே "காலை வணக்கம் மாமா", தினமும் ஆறு பூப்படம் அனுப்புவார். மெத்தை வியாபாரி ஒருவர், படுக்கையில் கிடப்பவர்களுக்கு ஏற்ற மெத்தை என்று வாரம் இரண்டு முறை விலைப்பட்டியல் போடுவார். ஆகவே, பதிவுகளை வரிசையாக அடுக்கி வைக்கிற ஒரு கட்டணச் சேவைக்கு மாறினோம். நூற்றைம்பது பேர் வரை ஒரு கட்டணம். ஒரு தலை கூடினாலும் இரண்டு மடங்கு. நாங்கள் இருநூற்றெட்டு பேர் இருந்தோம்.

நன்கொடை கேட்டேன். ஆஸ்பத்திரிச் செலவில் மூழ்கிக் கிடப்பவர்களிடம் எவ்வளவு பிடுங்க முடியும்? எட்டுப் பேர் கொடுத்தார்கள். நான்கு மாதம் கடைப் பணத்தில் கட்டினேன். பிறகு தள்ளுபடி கேட்டு அந்தக் கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதினேன். மூன்றுக்கும் ஒரே பணிவான பதில், ஏதோ மிஷின் அனுப்பியது. மிஷினிடம் பேரம் பேசித் தோற்றவன் எங்கள் வம்சத்திலேயே நான்தான்.

அப்போதுதான் அந்தச் சேவையில் ஒரு வசதி கண்ணில் பட்டது. தொண்ணூறு நாளாக ஒரு வரிகூட எழுதாதவர்களைத் தனியாகப் பட்டியல் போட்டுக் காட்டும். கடைக்குள் வந்து, சரக்கையெல்லாம் தடவிப் பார்த்து, ஒன்றும் வாங்காமல் இடத்தை அடைத்துக்கொண்டு நிற்பவர்களை எங்கள் தொழிலில் நாசூக்காக நகர்த்துவோம். அந்தப் புத்திதான். பட்டியலைத் தேர்வு செய்தேன், நீக்கு என்று அழுத்தினேன். அறுபத்திரண்டு பேர் போனார்கள். ஒரு டீ குடித்து முடிக்கிற நேரம்கூட ஆகவில்லை.

"கட்டணத்தைப் பாதியாக் குறைச்சுட்டேன் டீச்சர்" என்று போனில் சொன்னேன்.

"எப்படி சார்?"

"பேசினேன். பேசுற விதத்துல பேசினா எவனும் இறங்குவான்."

"உங்கள மாதிரி ஒருத்தர் கிடைச்சது எங்க அதிர்ஷ்டம் சார்" என்றார் டீச்சர். நானும் அதை வாங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பத்து நாள் கழித்து ஒரு பெண் கடைக்கு வந்தார். கோட்டு மாஸ்டரின் மனைவி. கோட்டு மாஸ்டர் என்றால் மார்க்கெட்டுக்கே தெரியும். கோட்டு தைப்பதில் கெட்டிக்காரர், ஒவ்வொரு பட்டனையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவார். ஒன்றேகால் வருடமாகக் கடைப்பக்கம் வரவில்லை. எதிர்க்கடைக்கு மாறிவிட்டார் என்று நினைத்து, மனதுக்குள் அவரைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, அந்தப் பேச்சுப் பயிற்சி குரூப்பு நீங்க நடத்துறதுதானே? அதுல இருந்த நம்பர் உங்க கடை நம்பருதான்."

"ஆமாம்மா. ஏன், மாஸ்டருக்கு என்ன?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சுண்ணே. வலது கை விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு." முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டார். "தினமும் ஒன்பது மணிக்குக் குளிச்சு, தலை வாரி, போனை முன்னாடி வச்சுட்டு உட்காருவாரு. பதினாலு வார்த்தை வந்துடுச்சுண்ணே. என் பேர்கூடப் பாதி வந்துச்சு. போன வாரம் திறந்தா, நீங்க இதுல உறுப்பினர் இல்லைன்னு வருது. அன்னைலேர்ந்து வாயே திறக்கல. போனை மிஷின் டிராயர்ல போட்டு மூடிட்டாரு."

நான் ஜிப் கட்டு ஒன்றை எடுத்து எண்ண ஆரம்பித்தேன். யாரும் கேட்கவில்லை, எண்ணினேன்.

"கை தவறி ஏதாவது கண்டதை அனுப்பிட்டாரா? இடது கைதானே, தெரியாம அமுக்கியிருப்பாரு. என்ன தப்புன்னாலும் அவருக்காக நான் மன்னிப்பு கேட்டுக்கறேண்ணே. இல்ல, பணம் கட்டணுமா? எவ்வளவுன்னு சொல்லுங்க, கட்டிடறோம்."

விலை தெரியாமலே கட்டுகிறேன் என்ற வாடிக்கையாளரை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். "சேச்சே, அதெல்லாம் இல்லம்மா" என்றேன். "மிஷின் கோளாறு. அந்தக் கம்பெனிக்காரனுங்க ஏதோ குளறுபடி பண்ணிட்டானுங்க. இப்பவே சேர்த்துடறேன்."

"சரி" என்றார் அப்பா, உள்ளே நாற்காலியிலிருந்து.

அந்த அம்மா அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனார். அப்பாவுக்கு வருவது அந்த ஒரு வார்த்தைதான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் அவர் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு நாள் கழித்து, மதியம், டீச்சர் ஆஸ்பத்திரிக் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைக்குள் வந்தார். மாஸ்டர் மனைவி அவரிடமும் பேசியிருக்கிறார்.

"அவரைச் சேர்த்துட்டீங்க. ஆனா அவர் இன்னும் திறக்கவே இல்ல சார். அது இருக்கட்டும். அறுபத்திரண்டு பேரைக் காணோமே, கவனிச்சீங்களா?"

"அதான் டீச்சர், கோளாறு. கம்பெனிக்கு எழுதணும்."

"நானும் எழுதலாம்னுதான் உட்கார்ந்தேன்." ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "போனது பூரா எழுதாதவங்க. அவ்வளவு பேரையும் பொறுக்கி எடுத்துத் தள்ளின கோளாறு, உங்க அப்பாவை மட்டும் எப்படி சார் விட்டுச்சு? அவரும் ஒரு எழுத்து எழுதினதில்லையே."

இதைத்தான் இவ்வளவு நேரம் உங்களிடமும் சொல்லாமல் வந்தேன். அந்தப் பட்டியலில் அப்பாவின் பெயரும் இருந்தது. மேலிருந்து நான்காவது. விரல் அங்கே வந்ததும் ஒரு நொடி நின்றது. அவர் பெயருக்கு எதிரே இருந்த குறியை மட்டும் எடுத்துவிட்டு, பிறகுதான் அழுத்தினேன்.

"அப்பாவால எழுத முடியாதுன்னு..." என்றேன்.

"மத்தவங்கள்லாம் திமிர்ல எழுதாம இருந்தாங்களா?"

பேச்சு போனவர்களுக்காகக் குழு வைத்து, பேசவில்லை என்று அவர்களை வெளியே தள்ளியிருக்கிறேன். பட்டன் கடைக்காரன் பட்டன் இல்லாத சட்டையோடு நின்றால்கூட இவ்வளவு கேவலம் இருக்காது.

டீச்சர் என் போனை வாங்கி, நான் பார்த்த பட்டியலுக்குப் பக்கத்திலேயே இருந்த இன்னொன்றைத் தட்டிக் காட்டினார். கேட்டவர்கள் பட்டியல். நான் நீக்கிய அறுபத்திரண்டு பேரில் ஐம்பத்தெட்டு பேர் ஒரு நாள் தவறாமல் கேட்டிருந்தார்கள். காலை வணக்கம் மாமா ஒரு பதிவைக்கூடத் திறந்ததில்லை.

"காசு இல்லைன்னா என்கிட்ட சொல்லியிருக்கலாமே சார். நிறுத்தியிருப்போம், இல்ல பழைய இடத்துக்கே போயிருப்போம். காசு இல்லாதது எனக்குத்தான் தெரியல. அவங்களால எழுத முடியாதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கே." எழுந்துகொண்டார். "நாளைக்கு ஒன்பது மணிக்கு நான் பதிவு போடுவேன். மாஸ்டர் கேட்கணும். எப்படின்னு உங்க பாடு."

மறுநாள் எட்டரைக்குக் கோட்டு மாஸ்டர் வீட்டுப் படியேறினேன். கடை ஒன்றுக்கு மேலே ஒற்றை அறை. இரண்டு தையல் மிஷின்கள், ஒன்றின் மேல் போர்வை. இன்னொன்றில் அந்த அம்மா தலையணை உறை தைத்துக்கொண்டிருந்தார். வெட்டுமேசைக்குப் பின்னால் மாஸ்டர் உட்கார்ந்திருந்தார், கழுத்தில் அளவு டேப்போடு. வலது கை மடியில் கிடந்தது. தலை வாரவில்லை.

வெறுங்கையோடு போக எங்களுக்குப் பழக்கமில்லை. கடையிலிருந்ததிலேயே உசத்தியான நூல்கண்டு ஒரு டஜன் கொண்டு போயிருந்தேன். மேசைமேல் வைத்தேன். மாஸ்டர் இடது கையால் அதை மெல்ல என் பக்கமே தள்ளிவிட்டார்.

"மாஸ்டர், நீங்க ஒரு தப்பும் பண்ணல" என்றேன். "உங்களை எடுத்தது நான்தான். ஆள் குறைஞ்சா கட்டணம் குறையும். எழுதாதவங்க யாருன்னு பார்த்தேன், எடுத்துட்டேன். எங்க அப்பா பேரும் அதுல இருந்துச்சு. அவரை மட்டும் விட்டுட்டேன்."

மிஷின் நின்றது. "கோளாறுன்னீங்களேண்ணே?"

"பொய் சொன்னேம்மா."

அவர் என்னைப் பார்க்கவில்லை. "நான் வேற மன்னிப்பு கேட்டேன்" என்று கையிலிருந்த துணியிடம் சொன்னார். பிறகு மிஷினை மிதிக்கத் தொடங்கினார், முன்னைவிட வேகமாக. அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால் வாங்கிக்கொண்டு இறங்கிப் போயிருப்பேன். நூல்கண்டுகளைத் திரும்பப் பைக்குள் போடுவதா, விட்டுப் போவதா என்று தெரியாமல் நின்றேன்.

மாஸ்டரின் வாய் கோணியது. தாடை முன்னே வந்தது. கழுத்து நரம்பு புடைத்தது.

"எ... எத்... எத்..."

மிஷின் மறுபடி நின்றது. அந்த அம்மா எழுந்தே விட்டார். எடுத்துக் கொடுக்க வாய் திறந்த என்னைக் கை காட்டி அடக்கினார்.

"எத்தனை?" என்றார் மாஸ்டர். பிறகு இடது கை விரலால் வெளியே, ஜன்னலுக்கு அப்பால், சுற்றிச் சுற்றிக் காட்டினார்.

"எத்தனை பேரை எடுத்தேன்னா? அறுபத்திரண்டு பேர் மாஸ்டர்."

அவர் சாக்குக்கட்டியை இடது கையில் எடுத்து, மேசையில் விரித்திருந்த கறுப்புத் துணியில் கோணல்மாணலாக 62 என்று எழுதினார். அதற்குக் கீழே ஒன்று. ஒரு கோடு. கோட்டுக்குக் கீழே 61. சாக்குக்கட்டியை என் பக்கம் உருட்டிவிட்டார். பிறகு மனைவியைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் டிராயரைத் திறந்து போனை எடுத்தார். ஒன்பதாக இரண்டு நிமிடம் இருந்தது. என்னை இருக்கலாம் என்று யாரும் சொல்லவில்லை. இறங்கி வந்துவிட்டேன். பாதிப் படியில் டீச்சரின் குரலும், அதன் இடைவெளியில் இன்னொரு குரலும் கேட்டன.

அன்றே குழுவில் எல்லாவற்றையும் எழுதினேன், அப்பாவை மட்டும் விட்டதையும் சேர்த்து. ஆனால் யாரிடம் மன்னிப்பு கேட்க வேண்டுமோ, அவர்கள் அதைப் படிக்க முடியாதே, வெளியே அல்லவா இருக்கிறார்கள். ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன். பேச வராதவர்களைப் போனில் கூப்பிட்டு என்ன செய்வது? டீச்சர் வழி சொன்னார். "கேட்டதுக்கு ஆமான்னா போனை ஒரு தட்டு, இல்லைன்னா ரெண்டு தட்டு." மாஸ்டரிடம் சொன்ன அதே வாக்கியங்களை ஒவ்வொருவரிடமும் சொல்லி, திரும்ப வருகிறீர்களா என்று கேட்டேன். பேரத்துக்கே இடமில்லாத பேச்சு அது. ஒரு வீட்டில் மகன் போனைப் பிடுங்கிக் கால் மணி நேரம் திட்டினான். வைக்காமல் கேட்டேன். தலை மறுபடி நூற்றைம்பதைத் தாண்டியதால் வந்த இரட்டைக் கட்டணத்தில் மூன்று மாதத் தொகையை அந்த மெத்தை வியாபாரி கட்டினார். அவரைப் பற்றி நான் செய்த கேலியையெல்லாம் இனி எங்கே கொண்டு வைப்பது என்று தெரியவில்லை.

இன்று வரைக்கும் இதுதான் கணக்கு. நான் நீக்கியவர்கள் அறுபத்திரண்டு. மாஸ்டரோடு சேர்த்துத் திரும்பி வந்தவர்கள் முப்பத்தொன்பது. வரவில்லை என்று இரண்டு தட்டு தட்டியவர்கள் ஏழு. போனை எடுக்காதவர்கள் பதின்மூன்று. மூன்று பேர் எடுத்தார்கள். மூச்சு கேட்டது. நான் சொல்லி முடிக்கும்வரை வைக்கவில்லை. ஒரு தட்டும் தட்டவில்லை.

பாக்கி, பதினாறு.