‘நாங்கள்’ என்று எழுதிய விண்ணப்பம்

விண்ணப்பக் கட்டுரையின் முதல் பக்கத்தில் ‘நாங்கள்’ என்பதை அடித்துவிட்டு ‘நான்’ என்று அவள் எழுதிய மறுநாள் காலையில், ஐஸ் கம்பெனி லோடு மாமாவுக்கு ஐஸ் கட்டி தூக்க மறந்துபோயிற்று. இருபத்திரண்டு வருடம் தூக்கியவர், கொக்கியைக் கையில் வைத்துக்கொண்டு இதில் எந்த முனையைப் பிடிப்பது என்று கேட்டார். கம்பெனி சூப்பர்வைசரான அவளுடைய வலது தோளில், அவருக்கு இருந்த அதே இடத்தில், அதே அளவுக்குக் காய்ப்பு ஏறியிருந்தது. அன்றைய லோடு முழுவதையும் அவளே ஏற்றினாள். லாரி பத்து நிமிடம் தாமதமாகக் கிளம்பியதைத் தவிர வேறு குறை ஒன்றும் இல்லை.

அவளுக்கு அந்த ஊரைவிட்டுப் போக வேண்டும். பேருந்தில் ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து, பக்கத்து சீட்டில் பையை வைத்து, பதினாலு மணி நேரம் யாரோடும் பேசாமல் போக வேண்டும். அதற்கு அவள் கண்ட ஒரே வழி மேலாண்மைக் கல்லூரி. நுழைவுத் தேர்வில் மார்க்குக்குக் குறைவில்லை; கட்டுரையில்தான் மூன்று வருடம் கோட்டை விட்டாள். ‘இதில் உங்கள் பங்கு என்ன என்பது விளங்கவில்லை’ என்று மூன்று வருடமும் ஒரே பதில். நாலாம் வருடம் ஓர் ஆலோசகரைப் பிடித்தாள். ஃபோன் சிக்னல், கம்பெனி மொட்டைமாடியில், கூலிங் டவரின் சாரல் அடிக்கிற மூலையில் மட்டும்தான் கிடைக்கும் என்பதால் நனைந்துகொண்டேதான் அவரோடு பேச வேண்டும். அவர் அவளுடைய கட்டுரையை வாசித்துக் காட்டினார்.

“நாங்க ஐஸ் போட்டோம், நாங்க மிஷினை சரி பண்ணோம், எங்க அம்மா... ஏம்மா, உங்களுக்குக் கூடப்பொறந்தவங்க எத்தனை பேரு?”

“யாரும் இல்ல சார். நான் ஒரே பொண்ணு.”

“அப்புறம் என்ன எங்க அம்மா? இப்படி ஊரையே சேர்த்து எழுதினா அவங்க சீட்டை யாருக்குக் குடுக்கறது? நான்னு எழுதுங்க.”

பெற்ற தாயைக்கூடப் பங்கு போட்டே சொல்லிப் பழகியவளுக்கு அந்தச் சொல் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் எழுதினாள். முதல் பக்கத்தில் மாமாவின் வேலை அவளிடம் வந்தது. இரண்டாம் பக்கத்தைத் திருத்தியதும், சத்தத்தை வைத்தே கோளாறைச் சொல்லும் கம்ப்ரசர் அண்ணன், “மிஷின் என்னவோ சொல்லுது, எனக்குத்தான் புரியல” என்று அவளைக் கூப்பிட்டார். மூன்றாம் பக்கத்துக்குப் பிறகு, கேன்களில் தண்ணீர் பிடிக்கிற அக்கா குழாயை எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் கணுக்கால் தண்ணீரில் நின்றாள். எல்லா வேலையும் அவள் தலையில் விழுந்தது. மூச்சு விட நேரமில்லை. முதலாளி மற்ற மூவரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை, பெரிய மனசு. “நீ ஒருநாள் வரலைன்னா கம்பெனியை இழுத்து மூட வேண்டியதுதான்” என்று அவளை எல்லோர் முன்னாலும் பாராட்டினார். அவள் ஐஸ் ரூமுக்குள் போய் அழுதாள். வெளியே போவதற்கு எழுதிய கட்டுரை, அவளை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் மாலை ஆறு மணிக்குள் அனுப்ப வேண்டும். ஐந்தரைக்கு மாடியில் ஃபோனைப் பிடித்துக்கொண்டு நின்றபோது மாமா படியேறி வந்தார். கைகளைப் பின்னால் மறைத்திருந்தார். உள்ளங்கை குழந்தையுடையது போல் ஆகிவிட்டதில் அவருக்கு வெட்கம்.

“சும்மாவே நிக்கிறேன், பாப்பா. வீட்ல போய் என்ன சொல்ல? ஏதாச்சும் குடு, செய்யறேன்.”

அவளுக்கு ஆலோசகர் மீது கோபம் வந்தது, மாமா மீது வந்தது, கடைசியில் தன் மீது வந்தது. இந்த வருடமும் போயிற்று என்று மனதைக் கல்லாக்கிக்கொண்டு, ஒவ்வொரு ‘நானையும்’ ‘நாங்கள்’ ஆக்கினாள். தோள் லேசாகிக்கொண்டே வந்தது. கீழே அண்ணன் ஏதோ ஒரு வால்வைத் திட்டுவது கேட்டது. கடைசி வரியாக ‘எங்கள் கம்பெனி ஒருநாளும் நிற்காது’ என்று சேர்த்து, ஐந்து ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினாள்.

ஏழாம் வாரம் பதில் வந்தது. ‘உங்களைச் சேர்த்துக்கொள்வதில் மகிழ்ச்சி அடைகிறோம்.’ மாடியில் அவள் வாசிக்க, மூவரும் கேட்டார்கள். “எங்களையுமா?” என்றார் மாமா. அவள் கடிதத்தில் மேலும் கீழும் தேடினாள். உங்களை, உங்களுக்கு, நீங்கள். ஒருமை என்று ஓர் எழுத்துகூட இல்லை.

புறப்படும் நாளில் அவள் மட்டும் ஏறியபோது பேருந்து கிளம்ப மறுத்தது. மூவரும் ஏறிய பிறகே எஞ்சின் உறுமியது. விண்ணப்பம் ஒன்றுதானே என்று கண்டக்டர் ஒரே டிக்கெட் கிழித்தார். மாமாவுக்குப் பேருந்து ஒத்துக்கொள்ளாது என்பதால் ஜன்னலோரம் அவருக்குப் போயிற்று. ஐஸ் கம்பெனி ஒருநாளும் நிற்கவில்லை. நிற்காது என்று கட்டுரையில் எழுதியிருந்தது. கல்லூரியில் அவள் பெயரை வாசித்தால் நாலு குரல் ‘உள்ளேன் ஐயா’ என்கிறது. பேராசிரியர் முதல் வாரம் நிமிர்ந்து பார்த்தார், பிறகு பார்ப்பதில்லை. நாலு பேருக்கும் சேர்த்து ஒரு பெஞ்சு கொடுத்திருக்கிறார்கள். அங்கேயும் ஜன்னலோரம் மாமாதான்.